வந்ததையெல்லாம் தள்ளிய இயந்திரம்

1.

இந்தக் கதை ஒரு சிரிப்பால் வந்தது. அடுத்த வீட்டுக்காரி ஒருத்தியின் நக்கல் சிரிப்பை ஆங்கிலத்தில் எழுதி, கீழே முத்திரை குத்தி, கையொப்பமிட்டுத் தரும்படி என்னிடம் கேட்டார்கள். செய்து கொடுத்தேன். அதற்குப் பிறகு எனக்கு நிம்மதியில்லை.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். அப்துல் கபூர், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். கல்முனையில் நீதிமன்றத்துக்குப் போகிற வழியில் என் அலுவலகம், எங்கள் பேச்சில் கந்தோர். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகப் பதிவு என்று வருவதையெல்லாம் ஆங்கிலமாக்குவது தொழில். அதில் ஒரு சொல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கதை எழுதுவது என் கெட்ட பழக்கம். அங்கே கூட்டலாம், குறைக்கலாம், கேட்க யாருமில்லை என்று நினைத்திருந்தேன்.

இந்தக் கதையில் கேட்க ஆள் இருந்தாள். பெயர் நஸ்லியா. பக்கத்து ஊர் சாய்ந்தமருதுக்காரி, பொறியியலாளர், இந்தக் கதையின் கதாநாயகி. எழுதிய பக்கங்களை வாங்கி வாசித்து, வெட்டித் திருப்பித் தந்தாள். வெட்டியதில் சிலவற்றை நான் பிடிவாதமாக விட்டு வைத்திருக்கிறேன். எழுத்தாளனுக்கும் கொஞ்சம் மானம் இருக்கிறதல்லவா.

2.

தொடக்கம், முதல் வரைவு:

"இக்கதையானது, ஒரு பெண்ணையும், மேற்சொன்ன பெண்ணால் ஆக்கப்பட்ட ஒரு கருவியையும், மேற்சொன்ன கருவியின் மீது நம்பிக்கையற்ற ஒரு தெருவையும் உள்ளடக்கியதாகும்; அதில், மேற்சொன்ன தெருவானது..."

ஆக்கவுரிமை விண்ணப்பங்கள் இப்படித்தான் பேசும். ஊரில் பேட்டன்ட் என்கிறார்களே, அதுதான். நஸ்லியாவின் விண்ணப்பத்தை வாசித்து வாசித்து எனக்கும் அந்த நடை தொற்றிவிட்டது. மூன்றாவது வரியில் எனக்கே மூச்சு முட்டியது. விட்டேன்.

இரண்டாவது வரைவு:

"சாய்ந்தமருதுக் கடல் அன்று ஏனோ அமைதியாக..."

இதை நஸ்லியா வெட்டினாள். (காக்கா என்றால் அண்ணன், அதாவது நான்.) "காக்கா, கடல் இரிக்கிற ஊரெண்டா எல்லாக் கதையும் கடல்லயா தொடங்கணும்? நாங்க கதவப் பூட்டிட்டு ஏசியப் போட்டுட்டு வேல செஞ்ச. கடல் எப்பிடி இரிந்திச்செண்டு ஆர் பாத்த?"

சரி. மூன்றாவது வரைவு கடலில்லாமல், அலங்காரமில்லாமல், விஷயத்திலிருந்து தொடங்குகிறது.

3.

உங்கள் கைபேசிக்குள் இருக்கிற சிப், தொழிற்சாலையை விட்டு வெளியே வருமுன் ஒரு பரீட்சை எழுதுகிறது. இயந்திரமொன்று அதைத் தூக்கி, மயிரிழை போன்ற ஊசிகளின் வரிசை மீது வைத்து அழுத்தும். ஊசிகள் சிப்பின் கால்களைத் தொட்டு மின்சாரத்தால் கேள்வி கேட்கும். சரியாகப் பதில் சொன்னால் பச்சைத் தட்டு, இல்லையென்றால் சிவப்புத் தட்டு. மனிதக் கை படாது. நஸ்லியா பினாங்கில் பல வருடம் இந்த இயந்திரங்களோடுதான் இருந்தாள்.

அவளை அரித்த விஷயம் ஒன்றுதான். சில நேரம் பிழை சிப்பில் இருக்காது, ஊசியில் இருக்கும். ஊசி முனையில் கண்ணுக்குத் தெரியாத அழுக்குப் பட்டால் நல்ல சிப்பும் சிவப்புத் தட்டுக்குப் போய்விடும். பரீட்சை வைத்தவருக்குக் காது மந்தம், பிள்ளைக்கு ஃபெயில். (இந்த உவமை என்னுடையது. வெட்டாமல் விட்டாள், ஆனால் பக்கத்தில் 'சுமார்' என்று எழுதியிருந்தாள்.)

யார் மீது பிழை என்பதை இயந்திரமே கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள்.

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். நஸ்லியாவின் உம்மா ஸாலிஹாவும் மகளுக்கு வீடு கட்டி, முன்னறைக்கு நல்ல தரை ஓடுகளும் பதித்து வைத்திருந்தார். சம்பந்தங்கள் வந்தன. நஸ்லியா ஒவ்வொன்றாக வேண்டாமென்றாள். மாப்பிள்ளைக்கென்று கட்டிய முன்னறைக்கு, கடைசியில் லொறியில் பெட்டி பெட்டியாக இயந்திரம் வந்து இறங்கியது.

உம்மா என்ன செய்தார் தெரியுமா? இயந்திரம் ஓடத் தொடங்கும் நாளில் துஆப் பிரார்த்தனை வைத்தார். மௌலவியை அழைத்தார், தெருவை அழைத்தார், சோறாக்கினார். மாப்பிள்ளை வந்தால் என்னென்ன செய்திருப்பாரோ அதையெல்லாம் செய்தார். அறை மணக்க வேண்டுமென்று சாம்பிராணியும் போட்டார், இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே.

பினாங்கில் அந்த அறைக்குள் போவதற்குத் தலையிலிருந்து கால் வரை மூடி, வாசனைத் தைலம்கூடப் பூசாமல் போக வேண்டும். நஸ்லியாவுக்கு அது தெரியாதா? தெரியும். சட்டியிலிருந்து புகை எழுவதையும் பார்த்தாள், உம்மாவின் முகத்தையும் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

"ஏன் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"உம்மா அண்டைக்கித்தான் சந்தோசமா இரிந்தாங்க. என்னெண்டு காக்கா சொல்ற?"

4.

அன்று நடந்தது இரண்டு காணொளிகளில் இருக்கிறது.

முதலாவது, நஸ்லியாவின் தம்பி றுமைஸ் எடுத்தது. கைபேசிக் கடை வைத்திருக்கிற பையன், உற்சாகம் கொஞ்சம் கூட. இயந்திரத்தின் கை சிப்பைத் தூக்குகிறது, வைக்கிறது, கூட்டம் நபியை வாழ்த்தி ஸலவாத்துச் சொல்கிறது. அந்த இடத்தில் வெட்டிவிட்டான். மேலே ஆங்கிலத்தில் எழுதிப் போட்டான்: 'உலகிலேயே முதல்முறை. ஊசியின் பிழையையும் சிப்பின் பிழையையும் தானே பிரித்தறியும் இயந்திரம். நூற்றுக்கு நூறு வெற்றி. என் தாத்தா, எங்கள் பெருமை.'

(வெளியூர் வாசகருக்கு: எங்களிடம் தாத்தா என்றால் அக்கா. கிழவர் ஒருவரும் இந்தக் கதையில் இல்லை.)

இரண்டாவது, அடுத்த வீட்டு நிப்லா எடுத்தது. அதில் றுமைஸ் வெட்டிய பகுதி முழுவதும் இருக்கிறது. நஸ்லியா பினாங்கிலிருந்து கொண்டுவந்த நல்ல சிப்கள், ஏற்கெனவே பரீட்சையில் தேறியவை, ஒவ்வொன்றாக ஊசி மீது ஏறி இறங்கிச் சிவப்புத் தட்டில் விழுகின்றன. அடுத்தது, சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. மௌலவி துஆவை நீட்டுகிறார். நஸ்லியாவின் கை விசைப்பலகையில் தடுமாறுகிறது. அப்போது கைபேசிக்குப் பின்னாலிருந்து நிப்லாவின் குரல்:

"வீட்டுக்காரிய மாதிரித்தான் கா மிஷினும். வந்ததெல்லாத்தையும் வேணாமெண்டு தள்ளுது."

அப்புறம் அந்தச் சிரிப்பு. சாய்ந்தமருது, கல்முனை, நற்பிட்டிமுனை எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் போனது அந்தச் சிரிப்பு. எனக்கே மூன்று பக்கத்திலிருந்து வந்தது. உம்மா நிப்லாவோடு கதைப்பதை நிறுத்தினார். இரண்டு வீட்டுக்கும் இடையிலிருந்த வேலிக் கதவு ஆணி அடித்துச் சாத்தப்பட்டது.

5.

நிப்லாவைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது, கதாபாத்திரமாகச் சொல்கிறேன். முதலில் அவளைக் கெட்டவளாக எழுதினேன்: "பொறாமையில் வெந்துகொண்டிருந்த நிப்லா..." பிறகு அவளை நேரில் சந்தித்தேன். பொறாமையுமில்லை, ஒன்றுமில்லை. வாய்க்குள் ஒரு பேச்சு வந்தால் அதை விழுங்கத் தெரியாத பெண். அந்த நோய் எனக்கும் உண்டு. வரியை அடித்துவிட்டேன்.

6.

அந்தத் துஆ நாளில் எல்லாரும் போன பிறகு நஸ்லியா ஊசி முனையைத் துடைத்துப் பார்த்தாள். துணியில் மெல்லிய பழுப்பு. முகர்ந்தாள். சாம்பிராணி.

"என்ன மகள் பிழ?" என்று உம்மா கேட்டபோது, "உப்புக்காத்து உம்மா" என்றாள். உம்மா நம்பினார்.

இங்கே வாசகர் எதிர்பார்ப்பது ஒரு மின்னல். நானும் எதிர்பார்த்தேன். ஊசியின் பிழையைப் பிரித்தறிகிற யோசனை எப்படி வந்தது என்று கேட்டேன். "வேல செய்யக்குள்ள வந்திச்சி" என்றாள். இதை வைத்துக்கொண்டு என்ன கதை எழுதுவது? நானாக ஒன்று எழுதினேன்: "அடுப்பங்கரையில் உம்மா ரொட்டியைத் திருப்பிப் போடுவதை நஸ்லியா கண்ணிமைக்காமல் பார்த்தாள்..."

வெட்டினாள். "ரொட்டியத் திருப்பினா அடிப்பக்கம் மேல வரும். சிப்ப அப்பிடி வெச்சா கால் எல்லாம் ஆகாயத்தப் பாக்கும். பொய் எழுதிறதெண்டாலும் வேல செய்யிற பொய்யா எழுதுங்க காக்கா."

உண்மையில் அவள் செய்தது இதுதான். சிப் தோற்றால் உடனே தள்ளாதே. தூக்கு. படுத்தபடியே அரைவட்டம் சுழற்று. திரும்ப வை. இப்போது ஒவ்வொரு காலும் வேறு ஊசியில் நிற்கும். பிழை சிப்போடு சேர்ந்து சுழன்றால் பிழை சிப்பில். பிழை அந்த இடத்திலேயே நின்றால் பிழை ஊசியில். ஊசியைத் துடைத்துவிட்டு மறுபடி கேள். எழுதும்போது இவ்வளவு சின்னதாக இருக்கிறது. இந்தச் சின்னதைச் செய்யக்கூடிய கையையும் கணக்கையும் உருவாக்க அவளுக்கு மாதக்கணக்கானது. முன்னறையில் வேண்டுமென்றே சாம்பிராணி புகைத்துப் பார்த்தாள், உம்மா வீட்டில் இல்லாத நேரமாய்ப் பார்த்து. ஊசியின் பிழையை இயந்திரம் ஒவ்வொரு தடவையும் பிடித்தது.

அதற்குப் பிறகே ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தாள், இப்படியான இயந்திரங்கள் அதிகம் விற்கிற ஒரு தூர நாட்டில். நாட்டின் பெயரை எழுதாதே என்று அவளுடைய அங்கத்தைய சட்டத்தரணி கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

7.

அந்த நாட்டுச் சட்டம் ஈவிரக்கமில்லாதது. விண்ணப்பிக்கிற நாளுக்கு முன் உன் கண்டுபிடிப்பை நீயே ஊருக்குக் காட்டியிருந்தால், அது புதியதல்ல. உரிமை இல்லை. யாரும் எடுத்துச் செய்யலாம்.

விண்ணப்பம் வெளியானதும் ஒரு பெரிய கம்பனி ஆட்சேபம் அனுப்பியது. அதே வகை இயந்திரம் செய்கிற கம்பனி. அவர்கள் காட்டிய சாட்சி: றுமைஸின் காணொளி. தேதி விண்ணப்பத்துக்கு முந்தியது. மேலே எழுத்தில் இருக்கிறது, ஊசியின் பிழையையும் சிப்பின் பிழையையும் பிரித்தறியும் இயந்திரம், நூற்றுக்கு நூறு வெற்றி. இதைவிட என்ன வேண்டும்?

றுமைஸ் அழுதான். உண்மையிலேயே அழுதான், கடையைப் பூட்டிவிட்டு. "நான்தான் தாத்தா ஒன்ட பேட்டன்ட்ட கொன்ட" என்றான்.

நஸ்லியா தோற்றால் அவள் சுழற்சியை அந்தக் கம்பனி தன் இயந்திரத்தில் வைத்துக்கொள்ளும். அவள் பெயர் எங்கும் இருக்காது. ஊருக்குத் தெரிந்த நஸ்லியா, அந்தச் சிவப்புத் தட்டுக்குப் பக்கத்தில் தடுமாறுகிறவள்தான்.

தப்ப ஒரு வழி இருந்தது. துஆ நாளில் இயந்திரம் எதையும் பிரித்தறியவில்லை, எல்லாவற்றையும் தள்ளியது, எதையும் சுழற்றவில்லை என்று காட்ட வேண்டும். அதைக் காட்டக்கூடியது உலகத்தில் ஒரே ஒரு காணொளி. குழுக்களில் சுற்றியது துண்டுதான்; முழுதும், எடுத்த தேதியோடு, இருந்தால் எடுத்தவளிடம்தான் இருக்கும்.

8.

நஸ்லியா வேலிக் கதவின் ஆணியைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கம் போனாள். அப்போது நான் அங்கில்லை. இருவரும் தனித்தனியே சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். ஒத்துப்போனது, ஆச்சரியம்தான்.

நிப்லா சண்டைக்குத் தயாராக முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாளாம்.

"நிப்லா, அந்த வீடியோ இரிக்கா?"

"எந்த வீடியோ?"

"ஒனக்குத் தெரியும்."

நிப்லா செருகிய முந்தானையை இழுத்து விட்டாள். "அழிச்சிட்டன் எண்டு சொல்லோணும் போலதான் இரிக்கி. ஆனா அழிக்கல்ல கா. மனசு சரியில்லாத நாளெல்லாம் அதத்தான் போட்டுப் பாக்கிற." பிறகு, "கோவிச்சிராத" என்றாள்.

"கோவிக்கிறன்" என்றாள் நஸ்லியா. "மறுகா கோவிக்கிறன். இப்ப அத முழுசாத் தா. ஒன்ட சிரிப்போட."

9.

இப்போது நான் உள்ளே வருகிறேன். காணொளியில் பேசப்பட்டதெல்லாம் ஆங்கிலத்தில், சத்தியத்தோடு வேண்டும்.

நஸ்லியா என் முன்னால் உட்கார்ந்திருக்க, அந்த வரியை நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரியைப் போலத்தான் இயந்திரமும். பேனையை வைத்துவிட்டு, "மகள், இந்த முதல் பாதிய விட்டிருவமா? மிஷினப் பத்தின பாதி மட்டும் போதுமே" என்றேன். என் தொழில் வாழ்க்கையில் ஒரு சொல்லைக் குறைக்க நானாக முன்வந்த ஒரே தடவை அது.

"வேணாம் காக்கா. முழுசாப் போடுங்க. அவங்க ஒரு சொல்லு வெட்டினதக் கண்டாலும் எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க." பேனையை என் பக்கம் தள்ளி, "அதோட, அவ சொன்னது பொய்யுமில்லயே" என்றாள்.

முழுதாகப் போட்டேன். சிரிப்புக்கு அடைப்புக்குறிக்குள் '[பேசியவர் நீண்ட நேரம் சிரிக்கிறார்]' என்று எழுதி முத்திரை குத்தினேன்.

10.

விசாரணை கணினித் திரையில் நடந்தது, அந்த முன்னறையிலேயே. நஸ்லியா மேசையில், அவளுடைய சட்டத்தரணி திரையின் ஒரு மூலையில். மொழிபெயர்ப்புக்குப் பொறுப்பாக நான் பக்கத்தில். காணொளி எடுத்தவளாக நிப்லா. சுவரோரம் உம்மா தஸ்பீஹ் மணிமாலையோடு, நிப்லாவைப் பார்க்காமல். றுமைஸை வாசலுக்கு வெளியே நிற்க வைத்திருந்தார்கள், கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு.

திரையில் அதிகாரி ஒரு பெண், சிரிப்பென்றால் என்னவென்று தெரியாத முகம். கம்பனியின் சட்டத்தரணி நிதானமாகப் பேசினார். றுமைஸின் எழுத்தைச் சொல் சொல்லாக வாசித்தார். கேட்கக் கேட்க எனக்கே நாம் தோற்றுவிட்டோம் என்று பட்டது.

நஸ்லியாவின் முறை வந்தது. நிப்லாவின் காணொளியை ஓடவிட்டாள்.

அந்தத் தூர தேசத்து அலுவலகத்தில் சிவப்புத் தட்டு நிறைந்தது. எங்கள் மௌலவி துஆவை நீட்டினார். நிப்லாவின் குரல் வந்தது, கீழே என் ஆங்கிலம் வந்தது, பிறகு சிரிப்பு. நிப்லா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். நஸ்லியா மட்டும் நிமிர்ந்து இருந்தாள்.

அதிகாரி சொன்னார்: "மறுபடி போடுங்கள்."

மறுபடி சிரிப்பு. அதிகாரி முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்து இயந்திரத்தின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்குகிறது, வைக்கிறது, தள்ளுகிறது. ஒரு தடவையும் சுழலவில்லை.

"ஆனால் எழுத்தில் பிரித்தறியும் என்றிருக்கிறதே" என்றார் கம்பனிச் சட்டத்தரணி.

"எழுத்து என் தம்பியுடையது" என்றாள் நஸ்லியா. "இயந்திரம் என்னுடையது. என்ன செய்ய ஆசைப்பட்டேன் என்பதை அவன் எழுதினான். எப்படிச் செய்வதென்று அன்று எனக்கே தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு பேர் முன்னால் வெட்கப்பட்டிருப்பேனா?"

அதிகாரி ஒரு கேள்விதான் கேட்டார். "நல்ல சிப்கள் ஏன் தோற்றன?"

நஸ்லியா திரும்பி உம்மாவைப் பார்த்தாள். உப்புக்காற்று என்று சொல்லலாம். ஆனால் விண்ணப்பத்தில் புகை பற்றித்தான் எழுதியிருக்கிறாள், சோதனைகளெல்லாம் புகையில்தான். ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். "என் உம்மா, அன்பினால், அறை மணப்பதற்காக..." அந்த ஒரு பொருளின் பெயர் மட்டும் அவளுக்கு ஆங்கிலத்தில் வரவில்லை. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கும் வரவில்லை, கேவலம். அவள் நம் சொல்லையே சொன்னாள்: சாம்பிராணி.

உம்மாவின் விரல் தஸ்பீஹில் நின்றது. ஆங்கிலம் தெரியாது, ஆனால் அந்தச் சொல் தெரியும், இயந்திரம் தெரியும், மகளின் முகம் தெரியும். அவருக்கு எல்லாம் விளங்கியதை நான் கண்டேன்.

திரை அணைந்தது. நஸ்லியா எழுந்து போய் உம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். "உம்மா, நான் ஒங்களுக்குச் சொல்லாம..."

"அப்ப," என்றார் உம்மா, "நான் சாம்பிராணி போடாட்டி ஒனக்கு இந்தச் சுத்துற வேலையே வந்திருக்காதா?"

"வந்திருக்காது."

"மறுகா என்னத்துக்கு அந்தக் கடதாசியில ஒன்ட பேர் மட்டும் இரிக்கி?"

முதலில் சிரித்தது நிப்லாதான். உம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இரி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார்.

11.

தீர்ப்பு மின்னஞ்சலில் வந்தது. ஆட்சேபம் தள்ளப்பட்டது. ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. கண்டுபிடித்தவர்: நஸ்லியா, சாய்ந்தமருது. தீர்ப்பின் காரணங்களில் என் மொழிபெயர்ப்பு மேற்கோளாக இருக்கிறது: வந்ததெல்லாவற்றையும் வேண்டாமென்று தள்ளுகிறது. நீண்ட நேரம் சிரிக்கிறார் என்பதும் இருக்கிறது, அடைப்புக்குறியோடு. நான் அதைக் கந்தோரில் எழுந்து நின்று வாசித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

தெரு திரும்பவும் அந்த வீட்டில் கூடியது. உம்மா சாம்பிராணியை வாசல் படலைக்கு வெளியே, காற்று போகிற பக்கமாகப் போட்டார். இயந்திரம் ஓடியது. ஒரு சிப்பைத் தூக்கியது, வைத்தது, சந்தேகப்பட்டது, சுழற்றியது, வைத்தது, பச்சைத் தட்டில் போட்டது. தெருவே ஸலவாத்துச் சொன்னது. றுமைஸ் கைபேசியை நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். "காக்கா, இத எழுதிப் போடட்டா? ஒரு சொல்லும் கூட்டல்ல." வாசித்தேன். ஒரு சொல் கூட்டியிருந்தான். விட்டுவிட்டேன்.

12.

முடிவுகள் எனக்கு நிறைய வந்தன. (அ) கம்பனி கெஞ்சிக்கொண்டு வருகிறது, நஸ்லியா மாப்பிள்ளைகளைத் தள்ளியது போலத் தள்ளுகிறாள். (ஆ) கம்பனி வருகிறது, அவள் தன் நிபந்தனைப்படி அனுமதி கொடுக்கிறாள், உலகத்து இயந்திரங்களெல்லாம் சாய்ந்தமருதுப் பிள்ளை சொன்னபடி அரைவட்டம் சுழல்கின்றன. (இ) திருமணம். இதை எழுதிய உடனேயே நானாகக் கிழித்துவிட்டேன், அவள் பார்க்கவில்லை.

நேற்று கடைசிப் பக்கங்களைக் கொண்டுபோனேன். முன்னறையில் முதல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று நின்றது. அது என்ன என்று கேட்டேன். காட்டினாள். ஊசி, சிப், எல்லாம் பார்த்தேன். எனக்கு வயது போய்விட்டது, இருந்தும் கதிரையிலிருந்து எழுந்துவிட்டேன். அது முதலாவதைவிடப் பெரிய விஷயம். இதுதான் என் முடிவு என்று அங்கேயே எழுதத் தொடங்கினேன்.

நஸ்லியா எட்டிப் பார்த்தாள். பேனையை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள்.

"காக்கா, கதையில வந்தாலும் ஊருக்குக் காட்டினதுதான். நான் இன்னும் விண்ணப்பிக்கல்ல."

நான் வாதாடினேன். கதைதானே, யார் நம்புவார்கள் என்றேன். அவள் அசையவில்லை. அச்சில் வந்து, முன்பின் தெரியாத ஒருவர் வாசித்துவிட்டால் போதுமாம், அது புதியதல்ல. அந்த ஒருவர் வேறு யாருமில்லை, நீங்கள்தான். ஆகவே முடிவை உங்களுக்குத் தர முடியாது. உங்கள் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

நஸ்லியாவின் இரண்டாவது இயந்திரம் என்ன செய்கிறதென்றால்,

[இங்கே ஒரு பந்தி இருந்தது. நான் எழுதியவற்றிலேயே நல்ல பந்தி. நீங்கள் அதை வாசிக்கவில்லை என்பதற்கு நானே சாட்சி. ஒப்பம்: அப்துல் கபூர், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர், கல்முனை.]